புதுநெல்லும் பழைய வாசமும்

போன கிழமை அத்தியாயத்தில், தைப்பூசத்துக்கு முதல்நாள், நாம் நிசாந்தினியைப் பரந்தன் சந்தியில் பஸ்ஸால் இறக்கி, கண்டாவளையில் மாமியார் வீட்டுப் படலை வரைக்கும் கொண்டுவந்து விட்டோம். கையில் ஒரு சின்னப் பை. மகள் கஜனியை ஓமந்தையில் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். “முதல்லை நான் பாத்திட்டு வாறன்” என்று தாயிடம் சொன்னதைத் தவிர, அவள் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

பார்க்க வந்தது புருஷனைத்தான். ஐஸ் என்று குளிர்ச்சியாகப் பெயர் வைத்துக்கொண்டு வீடு வீடாக எரித்துவரும் அந்தப் போதைப்பொருளை விட்டு, புனர்வாழ்வு நிலையத்தில் மாதக்கணக்காக இருந்து, சுகிர்தன் திரும்பி வந்து ஒரு கிழமைதான் ஆகிறது. அதற்குள் தைப்பூசமும் வந்துவிட்டது.

தைப்பூசம் என்றால் இந்தப் பக்கத்து வயல் வீடுகளில் புதிர் எடுக்கும் நாள். வீட்டு ஆண்பிள்ளை விடிய முழுகி, வயலுக்குப் போய், முதற்கதிரை அறுத்து, வெள்ளைத் துணியில் சுற்றித் தலையில் வைத்துக் கொண்டுவர வேண்டும். அந்த நெல்லைக் குற்றி, பழைய அரிசியோடு கலந்து பொங்கி, சாமிக்குப் படைத்த பிறகுதான் வீட்டில் புதுச்சோறு. போன வருஷம் சுகிர்தன் வயல் கொட்டிலில் கண்கள் வெறித்தபடி கிடந்தான். தாய் இராசேஸ்வரி பக்கத்து வளவுக்காரரைக் கெஞ்சிக் கூப்பிட்டுக் கதிர் அறுப்பித்தார். அந்தச் சோறு அவருக்குத் தொண்டையால் இறங்கவில்லை.

ஆகவே இந்த வருஷம் அவர் பிடித்த பிடியில் நின்றார். அறுக்கிறது என் பிள்ளைதான், அதை மருமகளும் பார்க்க வேணும் என்று.

மூத்தவள் வினோஜா இதற்குச் சம்மதிக்கவேயில்லை. அவள் டொக்டர், அதிலும் மனநல டொக்டர். கிளிநொச்சியில் வேலை, அங்கேயே தங்கல். “அம்மா, அந்த வயலும் கொட்டிலும்தான் அவன்ரை மூளையிலை பதிஞ்ச இடம். அங்கை காலை வைச்சாலே பழசெல்லாம் எழும்பும். இந்த முறையும் வேறை ஆரையும் பிடியுங்கோ” என்று போனில் மன்றாடிப் பார்த்தாள். “உன்ரை படிப்பை நீ ஆசுப்பத்திரியிலை வைச்சுக்கொள்” என்று தாய் போனை வைத்துவிட்டார். ஊருக்கே புத்தி சொல்லும் டொக்டருக்கு வீட்டில் உள்ள மரியாதை அவ்வளவுதான்.

பூச விடுமுறையென்று வினோஜா விடியவே ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தாள். பனி வயலையும் றோட்டையும் ஒன்றாக்கி வைத்திருந்தது. பனைகளுக்குத் தலை இல்லை. எருமைகள் கால் இல்லாமல் மிதந்து போயின. எங்கேயோ ஒரு மயில் கத்தியது. அது வலப்பக்கமா இடப்பக்கமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. விளைந்த நெல்லின் வாசம் மட்டும் சரியான திசையில் இருந்து வந்தது. அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு போனாலே வீடு வந்துவிடும் போலிருந்தது. தான் இன்னும் படுக்கையில்தான் கிடக்கிறேனோ என்று ஒரு கணம் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

கனவு அவளுடைய தொழிலும்கூட. போதையை விட்டவர்களுக்கு, விட்ட பிறகும், அதைப் பாவிப்பதாகக் கனவு வருகிறது. விழித்தால் நாக்கில் ருசி நிற்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சிலர் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் மூளை பழைய வழிக்குத் திரும்பப் போகிறதா, அல்லது அந்த வழியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு மூடப் போகிறதா? இதுதான் வினோஜாவின் ஆராய்ச்சி. மூடத்தான் போகிறது என்று வரவேண்டும் என்பது அவள் ஆசை. “ஆசைப்படுறதுக்குப் பேர் ஆராய்ச்சி இல்லை, பிள்ளை” என்று அவளுடைய பேராசிரியர் அடிக்கடி குத்துவார்.

அந்த ஆராய்ச்சிக்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். கண் விழித்த கையோடு கனவைப் போனில் பேசிப் பதிந்து அனுப்ப வேண்டும். ஆனால் ‘கனவு’ என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. கனவு என்று சொன்னவுடன் மனம் வெளியே வந்து நின்று கதை கட்டத் தொடங்கிவிடும் என்பது அவள் கண்ட அனுபவம். அதனால் நேற்று நடந்ததைச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும்.

சொந்தத் தம்பியை ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது. சேர்க்கவுமில்லை. அவனுக்கு வைத்தியம் பார்ப்பதும் வேறொரு டொக்டர். ஆனாலும் மனம் கேட்காமல், “நீயும் எனக்குச் சொல்லி அனுப்படா” என்று அவனையும் அதே முறைக்குப் பழக்கிவிட்டாள்.

பரந்தனில் கதலிப்பழம் வாங்கும்போது போன் ஒருமுறை முனகியது. தம்பியின் குரல் பதிவு. வீட்டுக்குப் போய்க் கேட்போம் என்று பையில் போட்டாள்.

படலையடியில் நிசாந்தினி பையோடு நின்றாள்.

“என்ன நிசா, விடியப்புறத்திலை?”

“நான் ஓமந்தைக்குப் போறன், மச்சாள்.”

வீட்டு வாசலில் இராசேஸ்வரி அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். குசினிக்குள் பொங்கல் பானை கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது.

“ஏன்? அவன் என்னவும் சொன்னவனோ?”

“எனக்குச் சொல்லேல்லை. கிணத்தடியிலை நிண்டு ஆருக்கோ போனிலை சொன்னவர். முகம் கழுவப் போனனான், பனிக்கை அவருக்கு என்னைத் தெரியேல்லை.” நிசாந்தினியின் குரல் உடையவில்லை. அவள் அழுது முடித்துவிட்டு நிற்கிறாள் என்று வினோஜாவுக்குத் தெரிந்தது. “நேற்றிரவு கொட்டிலுக்குப் போனவராம். பாவிச்சவராம். நல்லாயிருந்ததாம். என்ரை காதாலை கேட்டனான். நான் வந்து படுத்த முதல் இரவிலை, மச்சாள்!”

பரந்தனில் வந்த குரல் பதிவு வினோஜாவுக்கு நினைவு வந்தது.

அவள் பையைத் துழாவிப் போனை எடுத்தாள். படலையடியிலேயே, மூன்று பேரும் கேட்க, பதிவைப் போட்டாள்.

“அக்கா, நேற்றிரவு கொட்டிலுக்குப் போனனான். நிலா பட்டு வயலெல்லாம் பால் மாதிரிக் கிடந்தது. கூரைக்கை கையை விட்டன், இருந்தது. பாவிச்சிட்டன். நல்லாயிருந்தது அக்கா. எல்லாரும் உயிரோடை இருந்தினம். அப்பாவும் வரம்பிலை நடந்து வந்தவர். பேந்து… பேந்து குளிருது.”

தாய் விசும்பினார். அப்பா போய்ப் பல வருஷம்.

“கேட்டீங்கள்தானே?” என்றாள் நிசாந்தினி.

“நிசா, இது கனவு. கனவெண்டு சொல்லாதை, நடந்தமாதிரிச் சொல்லு எண்டு அவனுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தனான். என்னட்டை வாற எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுறனான். செத்த அப்பா வரம்பிலை வந்தாரெண்டு வேறை எப்பிடிச் சொல்லுறது?”

“உங்கடை தம்பியெல்லோ. நீங்கள் வேறை என்ன சொல்லுவீங்கள்?”

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ தாய்மாரும் அக்காமாரும் இதே நம்பிக்கையோடு தனக்கு முன்னால் பொய் சொன்னதை வினோஜா கேட்டிருக்கிறாள். நிசாந்தினி தன்னையும் அந்த வரிசையில் நிறுத்திவிட்டாள் என்பது அவளுக்குச் சுட்டது. அதைவிடச் சுட்டது வேறொன்று. அது கனவுதான் என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியாது.

“என்னட்டை மூத்திரத்தைச் சோதிக்கிற பட்டி இருக்கு,” என்றாள் கடைசியில். “இந்த ரெண்டு மூண்டு நாளைக்குள்ளை பாவிச்சிருந்தால் காட்டும். வாரும். நீரே கண்ணாலை பாரும். பேந்து போறதெண்டால் போம், நானே பஸ் ஏத்திவிடுறன்.”

“நல்ல நாளும் அதுவுமா இதென்ன சோதினை!” என்று இராசேஸ்வரி அம்மா எழும்பினார். “நேரம் போகுது, பிள்ளை. அவன் வயலிலை நிக்கிறான், கதிரை அறுத்துக்கொண்டு வரட்டும், மிச்சத்தைப் பேந்து பாப்பம்.”

“இல்லை மாமி,” என்றாள் நிசாந்தினி. “முதல்லை இது.”

அவள் பையைப் படலையில் கொழுவிவிட்டு வினோஜாவுக்குப் பின்னால் நடந்தாள். பையை வீட்டுக்குள் வைக்கவில்லை என்பதை மூவரும் கவனித்தார்கள்.

பனி இன்னும் விலகவில்லை. வரம்பின் இரண்டு பக்கமும் கதிர்கள் தலை சாய்த்து, ஈரத்தோடு காலில் உரசின. வாய்க்காலில் தண்ணீர் நிற்கிறதா ஓடுகிறதா என்று தெரியாதபடி கிடந்தது.

“மச்சாள், விட்டாப்பிறகும் ஏன் இப்பிடி வருது?” நிசாந்தினி திடீரென்று கேட்டாள். அது கோபத்தில் கேட்ட கேள்வி அல்ல.

வினோஜா வாய்க்காலைக் காட்டினாள். “தண்ணி பாய்ஞ்சு பாய்ஞ்சு இது இவ்வளவு ஆழமாய் வந்திட்டுது. கதவை மூடினாலும் வாய்க்கால் இருக்கும்தானே? மூளையும் அப்பிடித்தான். பகல் முழுக்க அவன் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். நித்திரையிலை காவல் இல்லை.”

“தூந்து போகாதோ?”

“தூரும். மெல்ல மெல்லத் தூரும்.” பிறகு உண்மையையும் சொன்னாள். “எல்லாருக்கும் தூருமெண்டு சொல்ல எனக்கு இன்னும் தெரியாது, நிசா. அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறன்.”

சுகிர்தன் கொட்டிலுக்கு வெளியே, முழுகிய ஈரத் தலையோடு, அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். வெள்ளைத் துணி தோளில் கிடந்தது. இருவரையும் கண்டதும் எழும்பினான். மனைவியின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

“நீர் கேட்டனீரோ?”

“கேட்டன்.”

“அக்கா சொல்லியிருப்பா, அது…”

“அவா சொல்லிப்போட்டா. நீங்கள் சொல்லுங்கோ. போனீங்களோ, இல்லையோ?”

அவன் சின்னப்பிள்ளை மாதிரிச் சொன்னான், “எனக்குத் தெரியேல்லை.”

“என்னடா தெரியேல்லை?” வினோஜா தான் டொக்டர் என்பதை மறந்து கத்தினாள்.

“சத்தியமாய்த் தெரியேல்லை அக்கா. எழும்பேக்கை வாயிலை அந்தக் கைப்பு இருந்தது. கையெல்லாம் நடுங்கினது. பாயிலைதான் கிடந்தன். ஆனால் போய் வந்துதான் கிடக்கிறனோ எண்டும் இருந்தது. அதைப் பாக்கத்தான் விடிய இஞ்சை வந்தனான். வந்திட்டுப் பயத்திலை உள்ளுக்குப் போகாமல் இருக்கிறன்.”

வினோஜா பைக்குள் இருந்து சின்னப் போத்தலை எடுத்து நீட்டினாள். அவன் அதை வாங்கிக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் போய் வந்தான்.

பட்டியை நனைத்து, கொட்டில் வாசலில் கிடந்த பலகையில் வைத்தாள். மூன்று பேரும் அதைச் சுற்றிக் குந்தினார்கள். பனிக்குள் அந்தப் பலகையும் மூன்று முகங்களும் மட்டும்தான் உலகத்தில் மிச்சம் இருந்தன. ஒரு கொக்கு வந்து வரம்பில் இறங்கி, இவர்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றது. வினோஜா ஆசுப்பத்திரியில் இந்தப் பட்டியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அங்கே ஒருநாளும் அவள் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டதில்லை.

முதலில் ஒரு கோடு வந்தது. பிறகு மெல்ல, சிவப்பாக, இன்னொன்று.

நிசாந்தினி முகத்தைப் பொத்திக்கொண்டு எழும்பிவிட்டாள். “ரெண்டு கோடு! நான் சொன்னனான்தானே! ரெண்டு!”

“நிசா, நில்லும்! ரெண்டு கோடெண்டால் இல்லையெண்டு அர்த்தம்!”

“கஜனிக்குப் பாக்கேக்கை ரெண்டு கோடெண்டால் இருக்கெண்டுதானே சொன்னவை?”

“அது பிள்ளைக்கு! இது மற்றப் பக்கம். ஒண்டு மட்டும் வந்தால்தான் பாவிச்சது. ரெண்டு வந்தால் சுத்தம். அவன் பாவிக்கேல்லை, நிசா. அது கனவுதான்.”

நிசாந்தினி நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடேயே அழுகையும் வந்தது. வினோஜாவும் சிரித்துக்கொண்டே அழுதாள். சுகிர்தன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் எழும்பிக் கொட்டிலுக்குள் போனான். கூரை ஓலைக்குள் கையை விட்டு, கொஞ்ச நேரம் தடவி, எதையோ எடுத்துக்கொண்டு வந்து மனைவியின் கையில் வைத்தான்.

நகம் அளவில் ஒரு பைக்கற். உள்ளே உப்புக்கல் போல நாலைந்து மணி. பிரிக்காமல் இருந்தது.

“இதென்ன?” என்றாள் நிசாந்தினி. சிரிப்பு போய்விட்டது.

“மூண்டு நாளைக்கு முந்தி இந்த வெள்ளைத் துணி எடுக்க அம்மான்ரை அலுமாரியைத் திறந்தனான். துணியோடை பழைய பால்மா ரின் ஒண்டு விழுந்து திறந்திட்டுது. அதுக்கை கிடந்தது. நான்தான் எப்பவோ ஒளிச்சு வைச்சு மறந்தனாக்கும். கொண்டுவந்து இந்தக் கூரைக்கை செருகிப்போட்டன். அண்டையிலை இருந்துதான் ஒவ்வொரு இரவும் இஞ்சை வாறன். பாயிலை கிடந்துகொண்டே வாறன்.”

“ஏன் எறியேல்லை?”

“எறியக் கை வரேல்லை. பிரிக்கவும் கை வரேல்லை. இதைவிட எனக்கு வேறை உண்மை தெரியாது, நிசா.”

பனிக்குள்ளால் சூரியன் ஒரு வெள்ளைத் தட்டாகத் தெரியத் தொடங்கியிருந்தது. நிசாந்தினி அந்தப் பைக்கற்றைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். மூன்று நாள் இது கூப்பிடு தூரத்தில் கிடந்தும் பாவிக்காதவன் இவன். மூன்று நாள் இதை ஒளித்து வைத்திருந்தவனும் இவன்தான். இரண்டில் எந்த ஆளோடு வாழ்வது என்று அவள் யோசித்திருக்க வேண்டும். இது டொக்டர் பதில் சொல்லும் கேள்வி அல்ல.

நிசாந்தினி பைக்கற்றை வினோஜாவிடம் கொடுத்தாள்.

“இதை என்ன செய்யவேணுமோ செய்யுங்கோ, மச்சாள். என்ரை கண்ணிலை காட்டாதையுங்கோ.” பிறகு புருஷனின் பக்கம் திரும்பினாள். “நேரம் போகுதெண்டு மாமி கத்தப் போறா. அறுங்கோ.”

சுகிர்தன் வயலுக்குள் இறங்கினான். சூரியனைப் பார்த்துக் கும்பிட்டு, ஒரு பிடி கதிரைச் சேர்த்துப் பிடித்து அறுத்தான். ஒரு மணியும் சிந்தவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு அவன் முன்னால் நடக்க, பின்னால் நிசாந்தினி நடந்தாள். அவர்களுக்குப் பின்னால் வந்த வினோஜாவுக்குத் தம்பியின் கால் தெரியவில்லை. பனிக்கு மேலால் ஒரு கட்டுக் கதிர் மட்டும் தானாக மிதந்து வீட்டுக்குப் போவதுபோல் இருந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

படலையைத் தாண்டும்போது நிசாந்தினி தன் பையைக் கழற்றி உள்ளே கொண்டுபோனாள்.

இராசேஸ்வரி அம்மா அன்று பொங்கிய பொங்கலைப் பற்றி எழுதினால் வாசிக்கிறவர்களுக்குப் பசி வந்துவிடும். சாமி அறையில் புதுக்கதிர் தொங்கியது. வாழையிலையில் புதுச்சோறு, கதலிப்பழம், தயிர். சுகிர்தன் இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டான். அவன் அப்படிச் சாப்பிட்டு எவ்வளவு காலம் என்று தாய் அவனையே பார்த்துக்கொண்டு, தன் இலையைத் தொடாமல் இருந்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் அவன் வேப்பமரத்தடியில் பாயைப் போட்டுச் சரிந்தான். நிசாந்தினி பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். வெயில் இலைகளுக்குள்ளால் இறங்கி இருவர் மேலும் ஆடியது.

வினோஜா குசினிக்குள் தாய்க்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“அம்மா, அலுமாரியிலை பால்மா ரின்னுக்கை அந்தச் சாமான் இருந்தது உங்களுக்குத் தெரியுமோ?”

தாயின் முகம் செத்துப்போனது. சட்டி கழுவிய கை அப்படியே நின்றது.

“நான்தான் வைச்சனான், பிள்ளை. அவனை நிலையத்துக்குக் கொண்டுபோனாப்பிறகு கொட்டில் கூட்டேக்கை கிடைச்சது. வாய்க்காலிலை போட்டால் மாடு கண்டுகள் தண்ணி குடிக்கும். எரிச்சால் புகை பிடிக்கும். ஆரிட்டையும் காட்டினால் பொலிசு வரும். அதுதான்…”

“அதுக்கு இவ்வளவு நாளும் வைச்சிருக்கிறதோ? என்னட்டைத் தந்திருக்கலாமெல்லோ அம்மா?”

இராசேஸ்வரி அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். “ஒருவேளை அவன் திரும்பி வந்து, முந்தி மாதிரித் துடிச்சு, சுவரிலை தலையை இடிச்சால்… ஒரு நாளைக்காவது அவனை அமர்த்தக் கையிலை என்னவும் இருக்கட்டும் எண்டு நினைச்சன். பெத்த வயிறு, பிள்ளை. உன்ரை படிப்பு எனக்குத் தெரியாது.”

வினோஜாவுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. தாயின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பரவாயில்லை, விடுங்கோ. அவன் அதைக் கண்டும் பாவிக்கேல்லை அம்மா. இண்டைக்குத் தானே எடுத்து நிசாவின்ரை கையிலை குடுத்திட்டான். பிரிக்காமல் அப்பிடியே குடுத்தவன். என்ரை பைக்கைதான் இருக்கு, நாளைக்கே முறைப்படி ஒப்படைக்கிறன்.”

தாய் நிமிர்ந்து பார்த்தார்.

“ஒண்டோ குடுத்தவன்?”

“ஓம். ஏன்?”

“நான் ரெண்டெல்லோ வைச்சனான்.”

வெளியே நிசாந்தினி போனைக் காதில் வைத்தபடி எழும்பிக் குசினி வாசலுக்கு வந்தாள். விடியற்காலை நின்றவளை விட இப்போது நிற்பவள் பல வயது இளையவள்.

“மச்சாள், அம்மா லைனிலை நிக்கிறா. கஜனியை நாளைக்கே கூட்டிக்கொண்டு வரச் சொல்லட்டோ?”

வினோஜா அவளுடைய தோளுக்கு மேலால் பார்த்தாள். வேப்பமரத்தடியில் தம்பி ஆழ்ந்த நித்திரையில் கிடந்தான். உதடு மெல்ல அசைந்தது. பிறகு அவன் நித்திரைக்குள்ளேயே சிரித்தான்.